ஐந்தாம் அருவிக்குப் பின்னால்

பொட்டல்நல்லூரை ரயில் பாதை இரண்டாகப் பிளந்து போட்டிருந்த காலத்தில், மேற்கே வீடும் கிழக்கே வேலையும் உள்ளவர்கள் ஆயுளில் ஒரு பங்கை மூடிய ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றே கழித்த காலத்தில், மேம்பாலத்துக்கென்று எழுப்பிய தூண்கள் பாலத்தை மறந்துவிட்டு உச்சியில் அரசங்கன்று வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், நான் ஒரு விளையாட்டுக்கு வழிகாட்டி தயாரித்தேன், அதில் ஒரு பொய்யை வரைந்தேன், அந்தப் பொய் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊரில் திறந்துகொண்டது.

வழிகாட்டி என்று நான் சொல்வது கணினியிலும் கைபேசியிலும் ஆடும் விளையாட்டுகளுக்கானது. ஆடுகிறவர் ஏதோ ஒரு குகையிலோ கோட்டையிலோ மேலே போக வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும்போது எங்கள் இணையதளத்துக்கு வருவார். கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தது. பொட்டல்நல்லூரில் இருந்தது நானும் பேச்சித்தாயும் மட்டும், மேற்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில், ரயில்வே கேட்டைப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு. பேச்சி ஆடுவாள். ஆடி முடித்துவிட்டு எங்கே திரும்ப வேண்டும், எந்தக் கல்லைத் தள்ள வேண்டும், எவனை அடிக்காமல் விட வேண்டும் என்று எழுதித் தருவாள். அதற்குத் தலைப்பு கொடுத்து, வரைபடம் வரைந்து, அம்புக்குறி போட்டு, படம் வெட்டி ஒட்டி, பார்க்க அழகாக அடுக்கி வைப்பது என் வேலை. ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு விளையாட்டைக்கூட ஆடத் தெரியாத நான், உலகத்தில் எங்கெங்கோ சிக்கிக் கிடந்த தமிழர்களுக்கெல்லாம் வழி காட்டிக்கொண்டிருந்தேன். அது சரிதானா என்று அப்போதே எனக்குள் ஒரு அரிப்பு இருந்தது.

வழிகாட்டிக்கு வருகிறவர் வாசிக்க வருவதில்லை. பாதி ஆட்டத்தில், எதிரே ஒரு பூதம் நிற்க, அரைக்கண்ணால் பார்க்க வருகிறார். அவருடைய கண் எங்கேயும் தடுக்கி விழக் கூடாது. வரிகள் கைபேசி அகலத்துக்குள் நிற்க வேண்டும். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்காக வரைபடத்தில் நிறத்தோடு வடிவமும் மாற வேண்டும். ரகசியங்களை மடக்குப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், விரும்பியவர் தொட்டால் மட்டும் விரியும்படி. இதையெல்லாம் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பல வருஷம் மாடியிலிருந்து பார்த்துப் பார்த்து, அவசரத்தில் இருக்கிற மனிதனுக்கு என்ன வேண்டும் என்று நானே தெரிந்துகொண்டதுதான்.

இன்னொரு வழக்கமும் எங்கள் தொழிலில் உண்டு. நாங்கள் உழைத்துச் செய்ததை வேறு தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும். கேட்டால் நாங்களே ஆடி எழுதியது என்பார்கள். அதனால் ஒவ்வொரு வழிகாட்டியிலும் இல்லாத ஒன்றைச் சேர்த்து வைப்போம். அதற்குப் பொய்க்குறி என்று பெயர். ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒரு செம்புக்காசு, ஒரு பாழ்வீட்டின் பரணில் ஒரு உடைந்த குடை, அவ்வளவுதான். யாரும் தேடிப் போகாத அளவுக்கு அற்பமாக இருக்க வேண்டும், யாருக்கும் நஷ்டம் வரக் கூடாது. அந்தக் காசு இன்னொரு தளத்தில் முளைத்தால் திருட்டு பிடிபட்டது.

என் மனைவி உலகம்மாளுக்குக் கிழக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. சிக்னல் கிடைக்காத சரக்கு ரயில்கள் எங்கள் கேட்டை மறித்துக்கொண்டு, வாலும் தலையும் தெரியாமல், நினைத்த நேரம் வரை நிற்கும். மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் கிழவர்கள் காத்திருப்பார்கள் என்பதால் அவள் நிற்க மாட்டாள். எல்லாரையும் போலக் குனிவாள். முதலில் தூக்குச்சட்டியை வண்டிக்கு அடியில் தள்ளுவாள், பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு சக்கரங்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் எழுவாள். சரக்கு ரயில் புறப்படும்போது சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை, ஒரு உலுக்கு, அவ்வளவுதான். நான் ஜன்னலில் நின்று ஒவ்வொரு நாளும் அந்த உலுக்குக்குக் காத்திருந்தேன். வேலையில் இருக்கும்போதும் சாப்பிடும்போதும் என் காதுகளில் ஒன்று தண்டவாளத்தின்மேல்தான் இருந்தது.

'ஏழு அருவி நாடு' என்ற விளையாட்டுக்கு வழிகாட்டி செய்துகொண்டிருந்த ஒரு நாள், அவள் அந்தப் பக்கம் எழுந்து நிற்கவும் ரயில் உலுக்கவும் சரியாக இருந்தது. முந்தானை மாட்டிக்கொண்டது. கிழிந்த துண்டு ஒன்று சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே தெற்கே போயிற்று. அவள் நிமிர்ந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி, என் ஜன்னலைப் பார்த்துக் கை காட்டிவிட்டுப் போனாள்.

பேச்சி அன்றைக்கு, "அண்ணாச்சி, பொய்க்குறி இன்னும் போடலியே" என்றாள். நான் செம்புக்காசு போடவில்லை. ஐந்தாம் அருவிக்குப் பின்னால் ஒரு பாதை வரைந்தேன். சில படிகள் இறங்கி, மலையை அடியில் கடந்து, மறுபக்கம் சில படிகள் ஏறுகிற பாதை. இருட்டாக இருக்கக் கூடாது என்று சுவரெல்லாம் நீலமாக ஒளிரும் பாசி வைத்தேன். நடுவில் உட்கார ஒரு கல்பெஞ்சு வைத்தேன். கண் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்ததில் பெஞ்சின் ஒரு கால் குட்டையாகிவிட்டது. பேச்சி அதைக்கூடச் சொன்னாள். நான் திருத்தவில்லை. பொய்க்குறி அற்பமாக இருக்க வேண்டும் என்ற விதியை நான் மீறினேன். அதுவரை நான் செய்த பக்கங்களிலேயே அழகான பக்கம் அதுதான்.

பாதை எங்கள் ஊரில் திறந்தபோது அதில் முதலில் இறங்கியது ஒரு வெள்ளாடு. மேம்பாலத் தூணுக்கும் பெட்டிக்கடைக்கும் இடையில், நேற்றுவரை நெருஞ்சி முளைத்துக் கிடந்த இடத்தில் வாய் திறந்திருந்தது. ஆட்டைத் தேடி ஆட்டுக்காரி இறங்கினாள், அவளைப் பார்த்துப் பால்காரர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார், மூவரும் கிழக்கே சந்தைச் சுவருக்குப் பக்கத்தில் ஏறி அவரவர் வழியே போனார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கடைசியில் செய்துவிட்டார்கள் என்று ஊர் நினைத்தது. ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, டெண்டர் எடுத்தவன் அந்த பெயின்ட்தான் மிச்சம் வைத்திருந்திருப்பான் என்று இன்னொருவர் பதில் சொன்னார். மத்தியானத்துக்குள் கவுன்சிலர் முத்துக்கருப்பன் பாதையின் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார், அதில் அவரே அவருக்கு நன்றி தெரிவித்திருந்தார்.

பேச்சிதான் மாடியேறி வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் கீழ வாங்க."

"என்னம்மா?"

"வாங்கன்னா வாங்க. உங்க பாதை கேட்டுப் பக்கத்துல திறந்து கெடக்கு."

உள்ளே இறங்கிக் கைபேசியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். "இந்தா வளைவு, இந்தா பாசி, இந்தா பெஞ்சு" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை ஆடிக் காட்டினாள். அது டொக்கென்று சாய்ந்தது. "ஒரு கால் குட்டைன்னு அன்னைக்கே சொன்னேன்லா? கேட்டீயளா?"

அன்று மாலை உலகம்மாள் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வந்தாள். முழங்காலில் கிரீஸ் இல்லை, சேலையில் புழுதி இல்லை. நான் பல வருஷத்துக்குப் பிறகு சோற்றின் ருசியைக் கவனித்துச் சாப்பிட்டேன்.

ஊர் பாதையை எடுத்து உடுத்திக்கொண்டது. கேட்டில் காத்திருப்பவர்களை நம்பிக் கடை போட்டிருந்த டீக்கடை காசி, பாய்லரைத் தூக்கிக்கொண்டு பாதை வாசலுக்கு வந்துவிட்டார். பூக்காரிகள் வந்தார்கள். பாசியை இழைத்துப் பற்றுப் போட்டால் இருமல் நிற்கும் என்று ஒருத்தி சொல்ல, நிற்கவும் நின்றது. ஆட்டோக்காரர்கள் இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாளிலிருந்து வாசலுக்கு வாசல் சவாரி ஓட்டினார்கள். கிழக்கே செத்தவர்களை மேற்கே சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாடை இதற்குள் போகலாமா என்று பெரிய வழக்கு நடந்தது. கடைசியில், பாடை பழையபடி கேட்டு வழியாகவே போகட்டும், இறந்தவருக்கு என்ன அவசரம், அழுகிறவர்கள் மட்டும் அடிவழியாகப் போய் அந்தப் பக்கம் காத்திருந்து அழட்டும் என்று தீர்மானமாயிற்று. அதன் பிறகு எங்கள் ஊரில் பிணங்கள் மட்டுமே ரயிலுக்குக் காத்திருந்தன.

பாதை என் கணினியில் இருக்கிறது என்ற செய்தி காசி கடை டீயோடு ஊரெங்கும் போய்விட்டது. முதலில் வந்தவர் முத்துக்கருப்பன்.

"அண்ணாச்சி, ஒரு கைப்பிடி போட்டுக் குடுத்தீயன்னா நல்லாருக்கும். வயசானவுக படியில எறங்கச் செரமப்படுதாவ."

"முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போடலாம்லா?"

"எழுதிப் போட்டா எப்ப வரும்னு எனக்கே தெரியாதா? நீங்க ரெண்டு வரி எழுதுனா காலையில வந்துரும்லா."

வழிகாட்டியைத் திறந்து, 'வலப்புறம் இரும்புக் கைப்பிடி உண்டு, பிடித்துக்கொண்டு இறங்கவும்' என்று எழுதினேன். காலையில் கைப்பிடி இருந்தது, பனியில் சில்லிட்டு. பிறகு சைக்கிள் தள்ள ஓரத்தில் ஒரு சரிவு கேட்டார்கள், எழுதினேன். காற்று வர மேலே துவாரம் கேட்டார்கள், வரைந்தேன். காசி, தன் கடைக்கு நேரே கொஞ்சம் நிழல் விழும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். அதையும் செய்துவிட்டு என் மேலேயே எரிச்சல்பட்டேன். அருவிகள் ஏழுக்கும் சேர்த்து எழுதியதைவிட இல்லாத ஒரு பாதைக்கு எழுதியது நீளமாகிவிட்டது. பக்கம் தலை பெருத்த பிள்ளை மாதிரி நின்றது. அதன் அழகில் எனக்குப் பெருமையும் வந்தது, அந்தப் பெருமையை நினைத்து வெட்கமும் வந்தது.

ஒரு காலை, மற்ற ரகசியங்களெல்லாம் மடக்குப் பெட்டிக்குள் இருக்க இது மட்டும் வெட்டவெளியில் கிடக்கிறதே என்று, ஒழுங்குக்காக இதையும் பெட்டிக்குள் போட்டு மடக்கினேன். கீழே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வாய் இருந்த இடத்தில் சுவர். பேச்சி ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டு மடக்கை விரித்தாள். சுவர் விலகி, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலத் தட்டுகளோடு வெளியே வந்தார்கள். பாதை அடைத்துக்கொண்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நல்ல நேரம் போய்விட்டது என்று மட்டும் திட்டினார்கள். எங்கள் இணையப் பக்கத்தில் இருக்கும்வரைதான் பாதை ஊரிலும் இருக்கும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. எனக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து எங்கள் பொறுப்பாளர் ஜெனிஷா முதலில் சந்தோஷமாகத்தான் அழைத்தார்.

"ஞானதுரை சார், பொய்க்குறியில மாட்டிக்கிட்டாங்க! மூணு தளத்துல அப்படியே எடுத்துப் போட்டிருக்காங்க. கைப்பிடியோட!"

ஆனால் பொய்யை அவ்வளவு அழகாகச் செய்தால் திருடன் மட்டுமா அதை நம்புவான்? வாசகர்கள் ஐந்தாம் அருவிக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சுவரில் முட்டினார்கள். வசவு வந்தது. வசவுகள் என்னைத் தொடவில்லை. தொட்டது ஒன்றுதான், பக்கத்தின் அடியில் ஒருவர் எழுதியிருந்தது.

'அண்ணை, நான் தவராசா, சுவிசில பஸ் ஓட்டுறன். கிழமைக்கணக்கா ஐஞ்சாவது அருவிக்குப் பின்னால சுவரில முட்டிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் கைப்பிடி வரைக்கும் எழுதியிருக்கிறியள், அப்ப பாதை இருக்கத்தானே வேணும்? என்ர மகன் தாயோட வேற ஊரில இருக்கிறான். இருபது வயசு. அவன் என்னோட கதைக்கிறது இந்த விளையாட்டுக்குள்ள மட்டும்தான். பாதையைக் கண்டுபிடிச்சுக் காட்டுறன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன். இப்ப அவன் சிரிக்கத் தொடங்கிட்டான். நான் எங்க பிழை விடுறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.'

அவர் எங்கேயும் பிழை விடவில்லை. அதை அவருக்கு எழுத நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், மறுபடியும் உட்கார்ந்தேன். ஒரு வரி உண்மை எழுதினால் போதும், அவர் மகனிடம் தலை நிமிரலாம். அந்த ஒரு வரியால் என் மனைவி மறுபடியும் சக்கரங்களுக்கு நடுவே குனியலாம். நாற்காலி எனக்குப் பொருந்தாத ஒன்றாகிவிட்டது. அலுவலகத்துக்குள்ளேயே நடந்தேன். பேச்சி, "அண்ணாச்சி, நீங்க நடக்குறதுல கீழ பெயின்ட் டப்பாவெல்லாம் ஆடுதாம், கடைக்காரர் கேக்காரு" என்றாள்.

பிறகு ஜெனிஷா மீண்டும் அழைத்தார். "சார், வெள்ளிக்கிழமை காலையில அந்தப் பகுதி நம்ம பக்கத்துல இருக்கக் கூடாது."

"மேடம், எங்க ஊர்ல ஜனங்க அதுலதான் நடக்காங்க."

"நடக்கட்டும் சார், நான் வேண்டாங்கல. ஆனா நம்பி வர்றவங்களுக்கு நம்ம தளத்துல பொய் இருக்கலாமா? நீங்களே சொல்லுங்க. நீங்க எடுக்கலன்னா நான் இங்கருந்து எடுத்துருவேன். நடக்குறவங்கள மட்டும் வெளிய நிக்கச் சொல்லிருங்க."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

செய்தி பரவி ஊர் மாடியேறி வந்தது. "எடுத்துராதீய அண்ணாச்சி, பாய்லரை இப்பத்தான் மாத்துனேன்" என்றார் காசி. கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு அனுப்பலாம் என்றார் முத்துக்கருப்பன், எந்த மேலிடம் என்று அவருக்கும் தெரியவில்லை. கல்யாண வீட்டார்கூட வந்தார்கள். எல்லாரும் போன பிறகு, வீட்டில், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த உலகம்மாள் தலை நிமிராமல் கேட்டாள். தவராசா எழுதியதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

"ஏங்க, அந்தப் பஸ்காரருக்குப் பதில் போட்டீயளா?"

"இல்ல."

"ஏன்?"

"உண்மையைச் சொன்னா பாதை மூடிக்கிடும்."

"மூடிக்கிட்டுப் போவுது."

"நீ மறுபடியும் குனிஞ்சு போவணும்."

"இத்தனை வருசம் போனேன்லா, செத்தா போயிட்டேன்? சேலைதான் கிழிஞ்சுது. அதுவும் பழசு."

"என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல, உலகு."

"அப்ப ஜன்னலைச் சாத்துங்க" என்றாள். ஒரு கொத்து உருவி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். "நீங்க எனக்காகத்தான் செஞ்சீய, எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா அங்க ஒரு மனுசன் பெத்த பிள்ளைகிட்ட பொய்யன்னு பேரு வாங்கிக்கிட்டு நிக்கானே. எனக்காவது ஜன்னல்ல நிக்க நீங்க இருக்கீய. அவருக்கு யாரு இருக்கா?"

நானும் ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு நேரத்தோடு போனேன். எங்கள் தொழிலில் பிழையைச் சத்தமில்லாமல் அழிப்பது கேவலம். அழித்துவிட்டால், முன்பே வாசித்துவிட்டுப் போனவர் பிழை தன்னுடையது என்று நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்டே இருப்பார். பக்கத்தின் தலையில் ஒரு கட்டம் போட்டு, எது தவறு, எது சரி என்று இரண்டையும் எழுத வேண்டும். அதற்குத் திருத்தம் என்று பெயர். தவறை எழுதுவது சுலபமாக இருந்தது: 'இந்த விளையாட்டில் ஐந்தாம் அருவிக்குப் பின்னால் பாதை கிடையாது. நகல் எடுப்பவர்களைப் பிடிக்க நானாகச் சேர்த்தது. தேடியவர்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை.' அடுத்து, சரி எது என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் நின்றது. வெறுமனே 'இல்லை' என்று விட்டால் அதுவும் முழு உண்மை இல்லையே என்று தோன்றியது. பாதை இருக்கிறது, நான் சொன்ன இடத்தில்தான் இல்லை. எழுதினேன்: 'அந்தப் பாதை இருப்பது பொட்டல்நல்லூரில், ரயில்வே கேட்டுக்கு அருகில், மேம்பாலத் தூணுக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவில்.' பாசி, பெஞ்சு, கைப்பிடி பற்றி எழுதிய அத்தனையையும் எடுத்துவிட்டேன். அவை அந்தப் பொய்க்கு நான் செய்த அலங்காரங்கள்.

கீழே காசி இரண்டு வாசலிலும் கயிறு கட்டியிருந்தார். ஊர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றது. தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் வந்து, நல்ல பாம்பு மாதிரி நீளமாகப் படுத்திருந்தது. நான் பேச்சியைப் பார்த்தேன். அவள், "ம்" என்றாள். பொத்தானைத் தொட்டேன். பக்கம் மாறும்வரை சுற்றுகிற வட்டம் திரையில் மெல்லச் சுற்றத் தொடங்கியது. தொட்ட பிறகுதான் ஜன்னல் வழியே பார்த்தேன், உலகம்மாள் தூக்குச்சட்டியோடு கயிற்றைத் தூக்கிக் குனிந்து, பாதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாய் திறந்தேதான் இருந்தது. உள்ளே நீலம் இல்லை, கரியிருட்டு. கைப்பிடிக்குக் கை நீட்டினேன், ஈரச் சுவர் தட்டுப்பட்டது. "உலகு" என்று கூப்பிட்டேன், என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. தலைக்கு மேலே சரக்கு ரயில் உலுக்கிப் புறப்பட்டது, மண் உதிர்ந்தது, சுவர் முழுக்க நடுங்கியது, நான் அதைத் தடவித் தடவி நடந்தேன். பெஞ்சில் முட்டுவேன் என்று நினைத்த இடத்தில் எதிலும் முட்டவில்லை. வெளிச்சம் தெரிந்தது, படி தெரிந்தது, ஏறினேன்.

கிழக்கு வாசலில் அவள் நின்றிருந்தாள், வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

"சட்டியப் பெஞ்சுல வச்சிட்டு, அந்து போன செருப்பு வாரை மாட்டுனேங்க. நிமுந்து பாத்தா பெஞ்சைக் காணோம்."

"உன்னை யாரு உள்ள எறங்கச் சொன்னது?"

"ஆஸ்பத்திரியில சனம் நிக்குமே. ரயிலுக்கு அடியிலயோ இதுலயோ, ஒண்ணுல போய்த்தான ஆவணும்? சரி, நீங்க செஞ்சதுல போவோம்னு எறங்கிட்டேன்." பிறகு அவள் கவலைப்பட்டது சட்டிக்குத்தான். "எங்கம்மா வாங்கிக் குடுத்தது. பேரு வெட்டுன சட்டி. உள்ள புளியோதரை இருந்துது."

பாதை மூடிக்கொள்ளாமல் நின்றது. ஆனால் அதிலிருந்து விளையாட்டு போய்விட்டது. மற்ற ஊர்களில் ரயில் பாதைக்கு அடியில் இருக்கிற எந்தச் சுரங்கப்பாதையும் போல அதுவும் ஆயிற்று. சுவர் கசிந்தது, யாரோ ஒரு மூலையில் மூத்திரம் பெய்தார்கள், யாரோ காதலியின் பெயரைக் கரியால் எழுதினார்கள். முதல் மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஃப்ளெக்ஸில் முத்துக்கருப்பன் கை கூப்பிக்கொண்டிருக்க, ஊர் அவரை மோட்டார் எங்கே என்று கேட்டது. அவர் என்னிடம் ஓடி வந்து, இரண்டு வரி எழுதக் கூடாதா என்றார். எழுதிப் பார்த்தேன், காலையில் மோட்டார் ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு அவர் முனிசிபாலிட்டிக்கு நடந்தார். நடந்து நடந்து ஒரு மோட்டாரும் சில டியூப்லைட்டும் வந்தன. அவற்றில் பாதி எரிந்தன. இருமலுக்கு மட்டும் ஊர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஜெனிஷா திருத்தத்தைப் படித்துவிட்டு, இது நம்ம பக்கத்துக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கே சார் என்று மட்டும் சொன்னார். தவராசாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் தினமும் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். மகன் அவரை என்ன சொல்லியிருப்பான், சிரித்திருப்பானா, பேச்சையே நிறுத்தியிருப்பானா என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்தேன். ரயில் உலுக்கும்போது, அவள் அடியில் இல்லை என்று தெரிந்தும் என் உடம்பு உலுக்கியது. பல வருஷம் பழகியது அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது.

மழை விட்ட ஒரு காலை, பேச்சி திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

'அண்ணை, தவராசா. நீங்கள் எழுதின திருத்தத்தை மகனுக்கு வாசிச்சுக் காட்டினன். அப்பா, நீங்கள் பிழையில்லை எண்டு அதில எழுதிக் கிடக்கு எண்டு அவனே இன்னொருக்கா வாசிச்சவன். பிறகு, வாங்கோ, இல்லாத இடத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவம் எண்டு பகிடியாக் கூட்டிக்கொண்டு போனான். ஐஞ்சாவது அருவிக்குப் பின்னால போனம். பாதை கிடக்குது. நீலமாக் கிடக்குது. கைப்பிடியும் கிடக்குது. பெஞ்சில ரெண்டு பேரும் இருந்தனாங்கள், அது ஆடுது, ஒரு கால் கட்டை. பெஞ்சில ஆரோ ஒரு தூக்குச்சட்டியை மறந்து விட்டிட்டுப் போயிட்டினம். மூடியில "மா. உலகம்மாள்" எண்டு வெட்டியிருக்கு. இன்னும் சூடாயிருக்கு. மகன் கேக்கிறான், இதை ஆரிட்டக் குடுக்கிறது எண்டு. பாதையின்ர மற்ற முனைக்கு நாங்கள் இன்னும் போகேல்ல. அங்கால போனா எங்க ஏறலாம் எண்டு நீங்கள் எழுதேல்லையே?'

நான் அதை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது. பொய் எழுதியபோது அது இங்கே உண்மையாயிற்று. உண்மை எழுதியபோது அது அங்கே பொய்யாயிற்று. என் கையில் எதுவும் நான் வைத்த இடத்தில் நிற்பதில்லை என்று ஒரு பயம் எழுந்தது, அதோடு கூடவே ஒரு சிரிப்பும். ஜன்னலுக்குப் போனேன். சரக்கு ரயில் ஒன்று கேட்டை மறித்து நின்றது. அதற்கு அடியில் யாரும் இல்லை. பெட்டிகளின் இடைவெளியில், கிழக்கு வாசலில், நனைந்த சேலை விளிம்பைப் பிழிந்துவிட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவோடு ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்கிற ஒருத்தி தெரிந்தாள்.

நான் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். வரி கைபேசி அகலத்துக்குள் நிற்க வேண்டும், கண் எங்கேயும் தடுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

'பெஞ்சைத் தாண்டி நேராக நடக்கவும். நீலம் முடிந்து ஈரம் தொடங்கும், பயப்பட வேண்டாம், வலது சுவரைத் தொட்டுக்கொண்டே வரவும். மழை நாளாக இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும். படியேறினால் சந்தைச் சுவர். அதை ஒட்டியே போனால் ஆஸ்பத்திரி. மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் உலகம்மாள் இருப்பாள். சட்டியை அவளிடம் கொடுக்கவும். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தாலும் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.'